பன்னுவின் வாயில் அணில் குஞ்சு

என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கடைசியாகக் கப்பலேறும் முன் ஒரு லேப்ரடார் குட்டியை வாங்கி வந்தார். பெயர் பன்னு. எதையும் பல் பதியாமல் கவ்வவும், "தா" என்றால் கையில் கொடுக்கவும் துணிச்சுருளை வைத்துப் பழக்கினார். அவர் போனபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. பொழுது போகாமல் அதே துணியை வைத்து நான் பன்னுவோடு இழுபறி விளையாடினேன். அவன் பிடி முரடாகி வந்ததைக் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிறு மாலை வாசலில் நின்று அவரோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். முருங்கை மரத்திலிருந்து விழுந்த அணில் குஞ்சைப் பன்னு கவ்விவிட்டான். வால் மட்டும் வெளியே துடித்தது. நான் அலறிக்கொண்டு அவன் தாடையைப் பிடித்து இழுத்தேன். பிடி இன்னும் இறுகியது.

"இழுக்காத மே! இழுத்தா கெட்டியா கடிச்சிக்குவான். கீழ குந்திக்கினு கைய நீட்டு," என்றார் அவர். குந்திக் கையை நீட்டினேன். ஃபோனிலிருந்து அவரே மெதுவாகச் சொன்னார்: "பன்னு, தா."

ஈரமாக, உயிரோடு, குஞ்சு என் உள்ளங்கையில் விழுந்தது. பன்னு வாசல் கேட் அருகே ஓடிப்போய்த் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னா பண்றான்?" என்று கேட்டார்.

"உன்னத்தான் தேடிக்கினு கீறான்," என்றேன்.

இப்போது இழுபறி விளையாட்டே கிடையாது. கையை நீட்டிக் காத்திருக்கிறேன். எதைக் கவ்வினாலும் தந்துவிடுகிறான். அவருடைய பழைய செருப்பை மட்டும் தருவதில்லை. அதை நானும் கேட்பதில்லை.

- தேவி, திருவொற்றியூர்