மஞ்சள் தெளித்த வீடு

சுவிஸின் லுசேர்ணில் வீடு வீடாகத் துடைத்துப் பிழைத்த தொண்ணூறுகளில், ஜெயமலருக்குத் தொழிலே எமனாக வந்தது. குளோரின் போத்தலைத் திறந்தாலே நெஞ்சு இழுக்கும். படி ஏறினால் பாதியில் நின்றுவிடுவாள். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: ஒன்று அந்தப் போத்தல், இல்லாவிட்டால் மூச்சு.

வேலையை விட முடியாது, போத்தலை விட்டாள். வினாகிரி, அப்பச்சோடா, சவர்க்காரச் சீவல், தேசிக்காய்த் தோல் என்று குசினியில் அவள் எடுத்துவைத்ததைப் பார்த்துக் கணவர் யோகராஜா, "சுத்தம் செய்யப் போறீரோ, ஊறுகாய் போடப் போறீரோ?" என்று கேலி செய்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தச் சாமான்களை நம்பி அவளிடம் முதலில் ஒரு காலி வீட்டைக் கொடுத்தவர், கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் எலேனா. குடியிருந்தவர்கள் போனபின் வீட்டை ஒப்படைப்பது சுவிஸில் ஒரு பரீட்சை. அடுப்பின் உள்மூலையைக்கூட விரலால் தடவிப் பார்ப்பார்கள். தேறினால் பக்கத்துக் கட்டடத்தின் படிகளைத் துடைக்கும் வேலையும் ஜெயமலருக்கே. தேறாவிட்டால் பழையபடி குளோரின்தான்.

வீடு பளிச்சென்று ஆனது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம், கை சும்மா இருக்குமா? கழுவி முடித்த வீட்டில் மஞ்சள் தண்ணீர் தெளிக்காவிட்டால் அவளுக்கு மனம் ஆறாது. தெளித்தாள். வெள்ளைச் சன்னல் பலகை முழுக்க மஞ்சள் புள்ளிகள்! பதறிப்போய் அப்பச்சோடாத் தண்ணீரால் தேய்த்தாள். புள்ளிகள் இரத்தச் சிவப்பாயின. வினாகிரியை ஊற்றினாள், மஞ்சள் திரும்பி வந்து குந்திக்கொண்டது.

யோகராஜா குளோரின் போத்தலோடு வந்து நின்றார். "ஒருக்கா மட்டும். நீர் வெளியில நில்லும், நான் துடைக்கிறன்."

"வேண்டாமப்பா. இண்டைக்கு இதைத் தொட்டா, நாளைக்கும் இதைத்தான் கேப்பினம்."

எலேனா வந்தார். தடவிக்கொண்டே போன விரல் சன்னலடியில் நின்றது. ஜெயமலர் தன் அரைகுறை ஜெர்மனில் ஒளிக்காமல் சொன்னாள்: "பிழை என்னுடையது. இது மஞ்சள். வெயில் பட்டால் போய்விடும்."

"வெயிலா? இந்தப் புகாரிலா?" என்றார் எலேனா. வெளியே மூடுபனியில் ஏரியே தெரியவில்லை. "சரி, வெள்ளிக்கிழமை வருகிறேன்."

வெயில் வரவேண்டும் என்று மன்றாடினாள்; கோயிலில்கூட அவள் அப்படி மன்றாடியதில்லை. வியாழன் மதியம் புகார் விலகியது. சன்னலை அகலத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே காவலிருந்தாள். புள்ளிகள் மெல்ல மெல்ல வெளிறி, கடைசியில் பலகை வெறும் வெள்ளையானபோது அழுதே விட்டாள்.

வெள்ளியன்று எலேனா பலகையைத் தடவினார். பக்கத்துக் கட்டடத்தின் திறப்புக்கொத்தை எடுத்து நீட்டினார்.

ஜெயமலர் வாளியோடு அங்கே படி ஏறினாள். மேல்மாடிக்கு வந்த பிறகுதான், வழியில் தான் எங்குமே நிற்கவில்லை என்பது உறைத்தது. பின்னால் வந்த யோகராஜாதான் பாதிப் படியில் இரைத்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் நில்லுமப்பா!"