டச்சுக்காரன் மெழுகுவர்த்தி

என் வீட்டுக்காரர் ராஜரத்தினத்துக்குப் போட்டாதாங் என்கிற ஆற்றுத்துறையில் படகுகளுக்குப் பெயர் எழுதும் வேலை. படகுக்காரர்கள் அவர்கள் பாஷையில் 'ஊ ராஜா', அதாவது ராஜா ஐயா, என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். போன மழைக்காலத்தில் பன்சோடான் தெரு நடைபாதையில் பழைய ஓவியப் புத்தகம் ஒன்றை வாங்கினார். அன்றைக்குப் பிடித்தது சனி.

புத்தகம் முழுக்க டச்சுக்காரர்கள் வரைந்த சாப்பாட்டு மேசைகள். சாப்பாட்டுக்கு நடுவில் மண்டை ஓடு! அதையே பார்த்து வரைய உட்கார்ந்தார். நான் சோறு கிளற வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைப் பாதி உரித்துத் தோலைத் தொங்கவிட்டார். ஈ மொய்த்தது. விரட்டப் போனால் கத்தினார்.

"ஈ இருக்கட்டும் மாலா. பழம் அழுகப்போகுதுன்னு அதுதானே சொல்லுது? கடிகாரம்னா நேரம் போகுது. அணைஞ்ச மெழுகுவத்தின்னா உசிரு போச்சு. எல்லாரும் ஒருநாள் போறவங்கதான்னு டச்சுக்காரன் அப்பவே போட்டு வச்சிருக்கான்."

"அவன் கெடக்கான். ஆபரேஷனுக்கு எப்போ வர்றீங்க?"

அதுதான் விஷயம். நெஞ்சில் ரத்தக்குழாய் அடைப்பு. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிவிட்டது. கேட்டால் "படம் முடியட்டும்" என்பார். பயம், வேறென்ன? சாவைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற மனுஷனுக்கு ஊசியைக் கண்டால் நடுக்கம்.

மண்டை ஓட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் பார்க்கிறேன், படத்தில் மெழுகுவர்த்தி அணைந்து புகை விடுகிறது. எங்கள் வீட்டில் சாமி விளக்கை வாயால் ஊத மாட்டோம். பூவால் ஒற்றி மலையேற்றுவோம். சாயம் இன்னும் காயவில்லை. டர்பன்டைன் துணியை எடுத்துப் புகையைத் துடைத்தேன், திரியையும் சேர்த்து.

"அடிப்பாவி! மூணு நாள் வேலைடி!"

"நெஞ்சு வலிக்காரரை வீட்டுல வச்சுக்கிட்டு அணைஞ்ச விளக்கா? ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க. வந்து உங்க கையால ஏத்துங்க. சுடர்தான் போடணும்."

பிரஷ்களையெல்லாம் அள்ளி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் அந்த அலமாரியையே சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போகலாம்" என்றார். பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் கண் திறந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். உதடு அசைந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாராக்கும் என்று குனிந்தேன்.

"பிரஷ்ஷைக் கழுவிட்டா பூட்டினே?"

கழுவவில்லை. அத்தனையும் காய்ந்து கட்டையாகிவிட்டன. புதுப் பிரஷ் வாங்கிச் சுடரைப் போட்டார். டச்சுக்காரன் படத்தையே கெடுத்துவிட்டேனாம், இன்றுவரை தினமும் திட்டுகிறார். நன்றாகத் திட்டட்டும்.