அக்கா வைத்த பெயர்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் நல்ல குணங்களை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை, நான் செய்த ஒரு தவற்றை, இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் இந்தப் பக்கம் பொய்யாகிவிடும்.

ஒரகடத்துக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில், விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அக்கா. நான் ஆறாவது படிக்கும்போது அம்மா காலமானார். அன்றோடு அக்காவின் படிப்பு நின்றது. என் படிப்பு நிற்கவில்லை. எனக்குச் சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அக்கா நடவுக்குப் போவார். திருமணமான மூன்றாம் வருடமே மாமா நெடுஞ்சாலை விபத்தில் போய்விட்டார். பிறந்த வீட்டுக்குத் திரும்பிய அக்கா மூலையில் உட்காரவில்லை. கழனிகள் கம்பெனிகளாக மாறிக்கொண்டிருந்த நேரம். உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் சேர்ந்தார்.

பெட்டிகளில் ஒட்டும் லேபிளைச் சரிபார்ப்பது வேலை. ஓர் எழுத்து மாறினாலும் பெட்டி திரும்பி வந்துவிடும். தன் லைனிலிருந்து ஒரு பெட்டியும் திரும்பியதில்லை என்பதில் அக்காவுக்குக் கர்வம் உண்டு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. மிளகாய்த்தூள் டப்பாவில் ‘மிளகாய்த்தூள்’ என்று எழுதி ஒட்டியிருப்பார். திறந்து பார்த்தாலே தெரியாதா என்று நான் கிண்டல் செய்வேன். தும்மல் வந்த பிறகு தெரிந்து என்ன லாபம் என்பார்.

எனக்குப் பெண் பிறந்ததும் அம்மாவின் பெயரையே வைப்பது என்று பேசினோம். ஸ்ரீபெரும்புதூர் கோயில் தாயாரின் பெயர் அது. தொட்டில் போடும் நாளில் குழந்தையின் அத்தைதான் காதில் மூன்று முறை பெயர் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அதற்காக அக்கா மஞ்சள் கரை வைத்த புடவை ஒன்றை எடுத்து வந்தார். மாமா போன பிறகு அவர் தனக்கென்று ஆசையாக எடுத்த முதல் புடவை.

அந்தச் சமயத்தில் சித்தப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தப்பா நினைச்சிக்காதடா. தாலி இல்லாதவ மொதல்ல பேரு சொல்லக்கூடாது. உன் மாமியார வெச்சி சொல்லிடு. உங்கக்காகிட்ட நீயே பக்குவமா எடுத்துச் சொல்லு.”

முடியாது என்று சித்தப்பாவிடம் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. அக்காவிடம் விஷயத்தைச் சொல்லவும் துணிவில்லை. “பேர எப்படி எழுதறதுன்னே முடிவாகலக்கா. அது முடிவானதும் தொட்டில் போட்டுக்கலாம்” என்று அக்காவிடம் சமாளித்தேன்.

அக்கா அதை நம்பினார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு அலைந்தார். பழைய ரேஷன் அட்டையில் அம்மாவின் பெயர் ‘எத்திராஜவல்லி’ என்று இருந்தது. கோயில் பட்டரைக் கேட்டதற்கு ‘யதிராஜவல்லி’ என்பதே முறை என்றாராம். என் பழைய ரேங்க் கார்டில் அம்மா போட்ட கையெழுத்து ‘எதிராஜவல்லி’. மூன்றையும் ஒரு லேபிள் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொன்னேன். ஒன்று ஊரில் யார் வாயிலும் நுழையாது, ஒன்று பள்ளிக்கூடப் படிவத்தின் கட்டங்களில் அடங்காது, ஒன்று பழைய மாதிரி இருக்கிறது.

இரண்டு வாரம் போனது. ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்த அக்கா, யூனிபார்மைக்கூட மாற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார்.

“தம்பி, எழுத்துதான் தகராறா? இல்ல, நான் தகராறா?”

நான் தரையைப் பார்த்தேன். சித்தப்பா சொன்னதை முணுமுணுத்தேன்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? காதுல சொல்றதுக்கு எழுத்து இன்னாத்துக்குடா? அம்மா எழுதினாப்லயே எழுதிக்கோ. உங்க மாமியாரே சொல்லட்டும். கொழந்த நல்லா இருந்தா போதும்.”

தொட்டில் போட்ட அன்று அக்கா ஓவர்டைம் பார்க்கப் போய்விட்டார். மாலையில் வந்து குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்சினார். அதன் பிறகு நான்கு வருடம், அவளைக் குளிப்பாட்டியவர், நடக்க வைத்தவர், எல்லாம் அக்காதான். ஆனால் ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பாப்பா’தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது. படுக்கையில் விழுந்தார். கடைசி வாரத்தில் ஒரு காலை, எல்.கே.ஜி. சேர்ந்திருந்த என் மகள் கட்டிலருகே போய் நின்றாள்.

“அத்தை, எல்லாரும் என் பேரு சொல்றாங்க. நீ மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கற?”

அக்கா என்னைப் பார்த்தார். பார்க்க வந்திருந்த சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார். அவர் இருப்பதாலேயே நான் சத்தமாகச் சொன்னேன்.

“நீதாங்கா சொல்லணும். மூணு வாட்டி சொல்லு.”

சித்தப்பா சரியென்று தலையை ஆட்டினார். அக்கா குழந்தையின் காதைத் தன் வாயருகே இழுத்துக்கொண்டார். மூன்றாம் முறை சொல்லும்போது குரல் எழவில்லை. “கூசுது அத்தை” என்று சிரித்தாள் என் மகள். நான் வெளியே போய் அழுதேன். ஐந்தாம் நாள் அக்கா அமைதியாக அடங்கினார்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த பேக்கிங் பிரிவுத் தோழிகளுக்கும், கூப்பிட்ட போதெல்லாம் மருத்துவமனைக்கு ஆட்டோ ஓட்டி வந்த சிங்கப்பெருமாள் கோவில் தம்பிக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த என் மனைவிக்கும், இதையெல்லாம் எழுது என்று ஒப்புதல் தந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று படத்தின் முன் படையலில் இருப்பது அந்த மஞ்சள் கரைப் புடவைதான். மடிப்புக் கலையாமல் பீரோவில் இருந்தது. வழக்கம்போல அதிலும் ஒரு லேபிள், தேதியோடு. புடவை எடுத்த அன்றே, நான் எழுத்தைத் தேட அனுப்பியதற்கு முன்பே, அக்கா எழுதி ஒட்டியது:

‘எதிராஜவல்லிக்குப் பேர் சொல்லும்போது கட்ட.’