தண்ணீரை ஒறுத்தவன்

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு வெளியே வந்ததும் எங்கள் தெருவில் முதல் கேள்வி, "இந்த வருசம் இன்னா ஒறுத்தல்?" என்பதுதான். தவக்காலம் முழுக்க, ஈஸ்டர் வரும்வரை, பிரியமான ஒன்றை விட்டுவிட வேண்டும். அதுதான் ஒறுத்தல். ராயபுரத்தில் பாதிப் பேர் கறியை விடுவார்கள். மீன் வாசலுக்கே வரும் ஊரில் கறியை விடுவது என்ன பெரிய தியாகம் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. கறியை விட்டவன் வஞ்சிரத்தை வறுத்துத் தின்றுகொண்டே முகத்தைப் பக்தியாக வைத்துக்கொள்வான். நானும் அந்தக் கூட்டம்தான். என் மனைவி சீரியலை விடுவாள், பிறகு பக்கத்து வீட்டில் போய்க் கதையை மட்டும் கேட்டுக்கொண்டு வருவாள். நாலாம் வகுப்பில் இருந்த எங்கள் மகள் அந்த வருஷம் குச்சி ஐஸை விட்டாள்.

நான் தண்ணீரை விட்டேன்.

விட்டேன் என்பதே பொய். என் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திவிட்டன என்று அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் டாக்டர் சொல்லியிருந்தார். பிரஷரைப் பல வருஷம் கவனிக்காமல் விட்டதன் பலன். கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். உச்சியில், கேபினில் உட்கார்ந்தபடி தலைவலிக்கு டீயும் மாத்திரையும் போட்டுச் சமாளித்தேன். கால் வீங்கியபோது ஷூ கயிற்றைத் தளர்த்திக் கட்டிக்கொண்டேன். இப்போது திங்கள், புதன், வெள்ளி என்று காலடிப்பேட்டைப் பக்கம் ஒரு சென்டரில் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே இழுத்து மிஷினில் சுத்தம் செய்து திருப்பி உள்ளே அனுப்புவார்கள். எனக்குச் சிறுநீர் அநேகமாக நின்றுபோய்விட்டதால் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தேங்கும். நுரையீரலுக்கு ஏறினால் ஆள் காலி. குழம்பு, டீ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று டம்ளர்தான் என்று டாக்டர் சொன்னபோது அவர் மேஜையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் இருந்தது. அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போலிருந்தது.

பசியைப் பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். தாகத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. நாக்கு வாய்க்குள் வேறு யாருடையதோ போலக் கிடக்கும். தெருவுக்குத் தண்ணி லாரி வந்து குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டால் எனக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வரும். விஷயம் தெரிந்து, மகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் பார்க்க வருகிற ஒன்றிரண்டு பேர், "எளநி குடி மாமு, கிட்னிக்கு நல்லது" என்பார்கள். எனக்கு இளநீர் விஷம், அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும் என்று விளக்கி விளக்கி வாய் இன்னும் காய்ந்ததுதான் மிச்சம்.

மகளிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, எதற்குப் பயமுறுத்துவது என்று பேசிக்கொண்டோம். பயந்தது நாங்கள்தான். மிஷினுக்குப் போகும் நாட்களில் ஓவர்டைம் என்றேன். கையில் கட்டுப் போட்டிருந்ததற்கு, யார்டில் கம்பி கிழித்துவிட்டது என்றேன். அவள் நம்பினாள். அப்பன் சொன்னால் நம்புகிற வயசு.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு மத்தியானம், நான் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டிருந்தபோது பிடித்துவிட்டாள்.

"இன்னா நைனா, தண்ணி குடிக்காம ஐஸ சப்பிகினு கீற?"

வாயில் ஐஸ் இருந்ததால் யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைத்தது. "தவக்காலம்ல? இந்த தபா நைனா தண்ணிய ஒறுத்துட்டேன்."

அவள் கண்கள் பெரிதாயின. "தண்ணியவா? ஏசுசாமிகூட சிலுவையில தாகமா கீதுன்னு கேட்டாரே நைனா!"

"அத்த நெனச்சிதான்," என்றேன்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது எனக்கு. சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். மகள் விளையாடப் போனதும், "யோவ், சாமி பேர சொல்லியா புள்ளகிட்ட புளுவுவ?" என்றாள். ஈஸ்டர் வரைக்கும் ஓடட்டும், அப்பால பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகுக்குத் தவக்காலமே துணைக்கு வந்ததால் அதற்கு மேலும் ஓடியது.

மகள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் எழுந்து நின்று எங்கள் நைனா தண்ணியையே ஒறுத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். சிஸ்டர் எல்லாப் பிள்ளைகளையும் கைதட்டச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் பூசை முடிந்து வெளியே வந்தால், கிடைத்த இடத்திலெல்லாம் எனக்கு மரியாதை. துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், போன தவக்காலம்வரை என்னோடு சேர்ந்து வஞ்சிரம் தின்றவர், என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோயிலில் ஃபாதருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் எனக்குக் காவல் அவள்தான். யாராவது சொந்தக்காரர் எனக்கும் சேர்த்துச் சோடா வாங்கி வந்தால், "எங்க நைனா குடிக்க மாட்டாரு, தவக்காலம்," என்று நடுவில் வந்து நிற்பாள். அந்தப் பெருமையில் அவள் கழுத்தே ஒரு விரல்கடை நீண்டுவிட்டது போலிருக்கும். அந்த நாட்களில் நான் என் அளவைத் தாண்டவே இல்லை. டாக்டர்கூடப் பாராட்டினார். என் பொய் எனக்கே மருந்தாக வேலை செய்தது என்பதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

ஈஸ்டர் காலையில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். தெரு முழுக்க பிரியாணி வாசனை. நான் புதுச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். என் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். மகள் உள்ளே போனாள். குஞ்சம் வைத்த புது கவுனோடு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெரிய செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரை போட்டு, என் ஐஸ் கட்டிகளையெல்லாம் அதில் கொட்டியிருந்தாள். செம்பின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"ஏசு உயிர்த்துட்டாரு. உன் ஒறுத்தல் முடிஞ்சிச்சு. குடி நைனா."

அம்மா எழுப்பும் முன்பே எழுந்து அதைச் செய்து ஃப்ரிட்ஜில் ஒளித்து வைத்திருந்தாளாம்.

நான் குடித்தேன். பிள்ளை மனசு நோகக் கூடாது என்று குடித்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிதான். மீதிப் பாதி தாகம். முதல் வாய் அவளுக்காக. அப்புறம் செம்பைக் கீழே வைக்க என் கை கேட்கவில்லை. அவள் எதிரே நின்று என் தொண்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் காட்டினேன். கைதட்டினாள்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மறுபடி மிஷின் திங்கட்கிழமைதான். நடுவில் பிரியாணி உப்பு வேறு. சாயங்காலம் மூச்சு இறைக்க ஆரம்பித்தது. படுக்க முடியவில்லை. நெஞ்சுக்குள் கொதிக்கிற தண்ணீர் மாதிரி களகளவென்று சத்தம். என் மனைவி ஆட்டோவுக்கு ஆள் அனுப்பிவிட்டு என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எவ்ளோ தண்ணி குடிச்ச நீ? யாரு குடுத்தது?" என் கண் என்னை மீறி மகள் பக்கம் போனது. அவள் அந்தப் புது கவுனோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

பிழைத்துக்கொண்டேன். அவசரமாக மிஷினில் போட்டு, சேர்ந்திருந்ததையெல்லாம் வெளியே எடுத்தார்கள். வீடு திரும்பியபோது மகள் என்னிடம் வரவில்லை. பேச்சில்லை. மாத்திரை எடுத்துக் கொடு என்றால்கூட அம்மாவைக் கூப்பிட்டாள். தன் கையால் எதையும் எனக்குத் தரமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அதைப் பார்க்க மூச்சு முட்டியதைவிட மோசமாக இருந்தது.

"தண்ணியால இல்லன்னு சொல்லிடு. பிரியாணி ஒத்துக்கலன்னு சொல்லிடு," என்றாள் என் மனைவி.

எனக்கு ஆத்திரம் வந்தது. "இன்னும் எத்தினி பொய்?" என்று கத்தினேன். அவளைப் பார்த்துத்தான் கத்தினேன், ஆனால் எனக்குத்தான் அது.

மறுநாள் சாயங்காலம் மகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். கடற்கரை என்றால் மணல் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய பாறைகள்தான். பின்னால் ரோட்டில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் ட்ரெய்லர்கள். ஒரு கல்லில் அவளை உட்கார வைத்துச் சட்டைக் கையை மடித்தேன். கட்டு இல்லாமல் அந்த இடத்தை அவள் பார்த்தது அதுதான் முதல்முறை. மிஷினுக்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம், உள்ளே ரத்தம் வேகமாக ஓடும்; ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்தது.

"கம்பி கிழிக்கல. ஊசி போட்ற எடம். தொட்டுப் பாரு."

தொட்டாள். விர்ரென்று அதிர்ந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து காதை வைத்தாள். "உள்ள லாரி ஓடுது நைனா," என்றாள். நாலு நாளைக்குப் பிறகு என்னிடம் அவள் பேசியது அதுதான்.

எதிரே மீன்பிடிப் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். "போட்டுல தண்ணி பூந்தா இன்னா பண்ணுவாங்கோ?"

"எறைப்பாங்கோ."

"எறைக்கலன்னா?"

"முயுகிடும்."

"நைனா ஒடம்பு அந்த போட்டு மாதிரி. தண்ணிய வெளிய தள்றது கிட்னி. எனுக்கு ரெண்டும் வேல செய்யல. ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போறேன்ல, அது வேலைக்கு இல்ல. மிஷின்ல தண்ணிய எறைச்சிட்டு வரேன்."

"அப்ப ஒறுத்தல்?"

"அது பொய்."

நான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது. "நான் குடுத்த தண்ணிதான் உள்ள பூந்துச்சா?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "ஆமா. அந்தத் தண்ணிதான். ஆனா உனுக்குத் தெரியாது. எனுக்குத் தெரியும். தெரிஞ்சே குடிச்சது நான். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டேன். மூக்கைக் கவுனில் துடைத்துக்கொண்டு, "எப்போ சரியாவும்?" என்றாள்.

"ஆவாது. மிஷின நிறுத்த முடியாது. வேற கிட்னி கெடைச்சா மாத்தலாம். அம்மா தரேன்னு சொல்லுச்சு. அம்மாவுக்குச் சக்கர கீது, எடுக்க மாட்டாங்கோ."

"நீ செத்துப்பூடுவியா?"

"எல்லாரும் ஒரு நாளைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"எல்லாரும் வேணாம். நீ."

அவள் அம்மாவின் குரல் அப்படியே. "எப்போன்னு தெரியாது," என்றேன். "சீக்கிரமா இருக்கலாம். ரொம்ப நாளும் இருக்கலாம். எனுக்குத் தெரிஞ்சத உனுக்குச் சொல்றேன். இனிமே பொய் இல்ல."

தலையாட்டினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கல்லிலிருந்து இறங்கினாள். அதிர்கிற இடத்தில் படாமல் பார்த்துப் பிடித்தாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. கிரேன் வேலை போய், கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். மகள் என் மாத்திரைகளை மறுபடி எடுத்துத் தர ஆரம்பித்தாள். ஆனால் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்புவதை என் மனைவி ஒருநாள் கவனித்தாள். சாப்பிடும்போது நான் எதிரில் இருந்தால் அவள் தண்ணீர் கேட்பதே இல்லை. உதடு வெடித்திருந்தது. மூத்திரம் போகும்போது எரிகிறது என்று அம்மாவிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறாள். என் வியாதி யாருக்கு வந்தாலும் அவளுக்கு வரக் கூடாது.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம். நான் தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டாள். அறைக் கதவுக்குப் பின்னால் மடக் என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி மடக். சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதென்று ஒவ்வொரு வாயாக நிறுத்தி நிறுத்திக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வா."

டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தாள்.

"என் எதுக்க குடி."

"வேணாம் நைனா. உனுக்கு ஆசையா இருக்கும்."

"இருக்கும்," என்றேன். பொய் இல்லை என்று சொல்லியிருந்தேனே. "ரொம்ப ஆசையா இருக்கும். அது என் பேஜாரு. நீ குடி."

சுவரோரம் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தபடியே குடித்தாள். அழுதுகொண்டே குடித்ததால் பாதி கழுத்தில் வழிந்தது. அவள் தொண்டை ஏறி இறங்குவதை, ஈஸ்டர் அன்று அவள் என் தொண்டையைப் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. டம்ளர் காலியானதும் கவிழ்த்துக் காட்டினாள்.

"இன்னொரு டம்ளர்," என்றேன்.