கதவு திறந்திருந்தும் எரிந்த பச்சை விளக்கு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு விஜயதசமி காலை. கோவையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் லேசர் வெல்டிங் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. தகட்டைத் தொடாமல், அரை மீட்டர் மேலிருந்தே ஒளியைப் பாய்ச்சி ஒட்டும் மெஷின். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அதனால் மூடிய அறைக்குள் வைத்திருப்போம். கதவைத் திறந்தால் மேலே சிவப்பு விளக்கு எரியும், அலாரம் கத்தும், லேசர் ஓடாது. மூடினால்தான் பச்சை.

முந்தின நாள் ஆயுத பூஜை. கற்பூரம் காட்டக் கதவைத் திறந்ததும் பூஜை மணியோடு அலாரமும் சேர்ந்து கத்த, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மானமே போய்விட்டது. கதவு சென்சாரில் ஒரு காந்தத் துண்டை டேப் போட்டு ஒட்டினேன். கதவு மூடியிருப்பதாக நம்பி மெஷின் அடங்கியது. முதலாளியே பாராட்டினார். அந்தப் பெருமையில், பொரி சாப்பிட்டுவிட்டு, காந்தத்தை எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் முதல் பீஸிலேயே வெல்டிங் தள்ளி விழுந்தது. பூஜைக்குத் துடைத்தபோது ஏதோ அசைந்திருக்கிறது. ஒளி எங்கே விழும் என்று காட்டும் சிவப்புப் புள்ளி ஓரிடம், நிஜ ஒளி சுடும் இடம் வேறு. பில் போடும் தாளை வைத்துச் சுட்டு, கருகிய புள்ளியைப் பார்த்துத்தான் இரண்டையும் ஒன்றுசேர்க்க வேண்டும். தாள் வைக்க அவசரமாக உள்ளே போனேன்; அலாரம் கத்தாததைக் கவனிக்கவில்லை. புள்ளி சரியாகத் தெரியவில்லையென்று பாதுகாப்புக் கண்ணாடியையும் கழற்றிவிட்டேன். அறைக்கு மறுபுறம், மெஷினை இயக்கும் பேனலில் என்னோடு வேலை செய்யும் நண்பர் இருந்தார்; அங்கிருந்து என்னைப் பார்க்க முடியாது. பச்சை எரிந்தால், நான் வெளியே வந்து கதவை மூடியாயிற்று என்று அவருக்கு அர்த்தம்.

அறை வாசலில் சாமந்தி இதழ்களைக் கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அம்மா எட்டிப் பார்த்தார்.

“ஏனுங் சார், கதவு தொறந்து கெடக்குது, பச்ச லைட்டு எரியுதுங்களே?”

“பூவக் கூட்டுற வேலையப் பாருங்க அம்மணி. மெஷின நான் பாத்துக்கறேன்” என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவர் நகரவில்லை. “நீங்கதானுங்க சொன்னீங்க, செவப்பு எரிஞ்சாத்தான் உள்ள போகோணும்னு. மொதல்ல வெளிய வாங்க சார்!”

அந்தக் குரலில் இருந்த பயம்தான் என்னை நிமிர வைத்தது. வெளியே வந்து மேலே பார்த்தேன். பச்சை. காந்தம் ஞாபகம் வந்த அதே நொடி, அந்தப் பக்கமிருந்து நண்பர் குரல்: “லேசர அடிக்கட்டுங்களா?”

“வேண்டாங்க! கைய எடுங்க!” என்று அலறினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டபோது அழுதேவிட்டேன். “உடுங்க சார், கண்ணு தப்புச்சுதே, அது போதுங்க” என்றார்.

வேலைக்குச் சேர்ந்த நாளில் அவருக்கு அந்த விதியைச் சொன்னவன் நான். சொன்ன நான் மறந்தேன், கேட்டவர் மறக்கவில்லை. இப்போதெல்லாம் பூஜைக்கு அலாரம் கத்தினால் கத்தட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் தினமும் மாலையில் என் மகள் வீட்டு வாசல் கேட்டுக்கு ஓடிவருவதைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன்: நான் அதட்டியதும் அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு போயிருந்தால், இந்த முகத்தை நான் மறுபடி பார்த்திருக்கவே மாட்டேன்.