தலைமேல் நிற்கும் பிள்ளை

கிணற்றடிச் சுவரில், மோட்டார் குழாய் கசிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாசித் திட்டு. ஐப்பசி மழை விழுந்ததும் பச்சை பிடித்துவிடும். ராஜபாளையத்தில் மற்ற வீடுகளில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிற சமாச்சாரம். எங்கள் வீட்டில் மட்டும் அதற்குத் தனி மரியாதை. தாவரவியல் டீச்சரான அம்மா அதை லென்ஸ் வைத்துப் பார்ப்பாள்.

என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மறுவருஷமே வீங்கிய கன்னத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். விஷயம் தெரிந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், பட்டாளத்துக்காரர். குடும்பத்தில் அவர் பேச்சுதான் உத்தரவு. மலையோடையில் நீர்நாய் பார்த்த கதையை எந்தப் பேச்சிலும் நுழைத்துவிடுவார்.

“நீர்நாயே குட்டியத் தண்ணிக்குள்ள தள்ளிவிட்டுத்தான்ட்டி நீந்தப் பழக்குது. நீ என்னன்னா கட்டிக்கொடுத்த பிள்ளைய மடியில வச்சிருக்க. நாளைக்கே கொண்டுபோய் விட்டுட்டு வா.”

அங்கே திரும்பிப் போனால் உயிரோடு இருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அம்மா குரலை உயர்த்தவே இல்லை. “செத்த இங்க வாங்கண்ணே” என்று அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் லென்ஸைக் கையில் கொடுத்தாள்.

“கீழ பச்சையா இருக்குல்ல, அது தாய். அது தலைமேல ஒத்தக்கால்ல நிக்குதே, அது பிள்ளை. கடைசி வரைக்கும் அங்கதான் நிக்கும். எந்தப் பாசியும் பிள்ளைய பாரம்னு உதறுனதில்ல.”

“நீர்நாயும் பாசியும் ஒண்ணாட்டி?”

“ஒண்ணில்ல. நீங்க உங்களுக்குத் தோதா ஒண்ணக் காட்டுனிய. நான் எனக்குத் தோதா ஒண்ணக் காட்டுதேன். எம்மகள் எங்கயும் போகமாட்டா.”

வைத்த காப்பியைக் குடிக்காமலே மாமா போனார். சொந்தபந்தம் என்னென்னவோ பேசியது. அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அதற்கப்புறம் நான் படித்தது விலங்கியல். மாமாவின் நீர்நாய்க்காகவே படித்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். இப்போது நானும் டீச்சர். அம்மா இல்லை. போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது மாமா கம்பை ஊன்றிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். “இத இன்னுமா சுரண்டல?”

“நான்தான் வேண்டாம்னேன் மாமா. நீங்க ஓடையில பார்த்தது சின்ன நீர்நாய்னு ஒரு ஜாதி. அது குட்டியத் தண்ணிக்குள்ள தள்ளுறது நெசந்தான். ஆனா நீந்தப் பழகுன பொறவும் குட்டி தாயைவிட்டு உடனே போயிறாது. கூடவே இருந்து தம்பி தங்கச்சிய வளர்க்கும். பாதிக் கதையத்தான் சொல்லியிருக்கிய.”

அம்மாவின் லென்ஸை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பெயின்டர் பாசியைத் தொடாமல் சுற்றி வளைத்து அடித்துவிட்டுப் போனார். வெள்ளைச் சுவரில் அது முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது. தெரியட்டும்.