கணவரின் ஈரலும் அவள் ரத்தமும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. பக்கத்து இருக்கையின் காலடியில் அவளுக்கென்று தனி பிரேக் உண்டு. அதைவிட வேகமாக வேலை செய்வது அவள் வாய். அப்படிப்பட்டவளுக்கு ஈரல் கெட்டு, கண் மஞ்சளாகி, வண்டியில் ஏறி உட்காரவே மூச்சு வாங்கியது. மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்று சொல்லிவிட்டார்கள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை, தன் ஈரலில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ரத்த வகை பொருந்தியது. அடுத்த பரிசோதனைதான் முட்டுக்கட்டை போட்டது. அவருடைய திசுவை எதிர்க்கும் ஆன்டிபாடி அவள் ரத்தத்தில் ஏற்கெனவே நிறைய இருந்தது. கல்யாணமான நாள் முதல் இவரை எதிர்த்துப் பழகிய ரத்தம்தானே என்று அவளே சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அதன் அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலக்கும். அதிலுள்ள தகப்பன் வழிக் கூறுகளைச் சிலர் உடம்பு அந்நியமென்று எடுத்துக்கொண்டு எதிர்ப்பை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். மாற்றுச் சிறுநீரகம் அளவுக்கு மாற்று ஈரல் இந்த எதிர்ப்புக்குச் சட்டென்று கெட்டுவிடாது. ஆனாலும் இவ்வளவு இருந்தால் புது ஈரலைத் தாக்கலாம், பித்தக் குழாயும் கெடலாம். பிள்ளைகளிடம் வாங்கினாலும் இதே சிக்கல்தான், அவர்களும் பாதி அப்பா. மருந்து கொடுத்துக் குறைத்துப் பார்க்கலாம் என்றார். பிறகு, எத்தனை தடவை கர்ப்பமானாள் என்று கேட்டார்.

"ரெண்டு," என்றார் கணவர்.

"மூணு," என்றாள் அவள்.

நடுவில் ஒன்று ஆறாம் மாதமே பிறந்து, அழாமலே போய்விட்டது. படம் இல்லை, பெயர் இல்லை. பேச்செடுத்தால் அவள் உடைந்துபோவாள் என்று அவர் வாயே திறந்ததில்லை. அவர் மறந்துவிட்டார் என்று அவள் வருஷக்கணக்காக உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள். எந்தப் பிள்ளையால் வந்த எதிர்ப்பு என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அவள் கேட்டால்தானே? அழாமல் போன அந்தப் பிள்ளை தனக்குள் விட்டுப்போனதுதான் இது என்று முடிவே கட்டிவிட்டாள்.

ஆனாலும் மருந்தை ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. நடுக்கம், வாந்தி எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். பிள்ளைகள் இருவரும் இன்னும் படித்துக்கொண்டிருந்தார்கள்; அவளுக்குச் சாக நேரமில்லை.

மறுபரிசோதனை முடிவோடு டாக்டரம்மா வந்தார். நன்றாகவே குறைந்திருக்கிறது, ஆனால் சுத்தமாகப் போகவில்லை, கொஞ்சம் நிற்கிறது என்றார். இந்த அளவோடு ஆபரேஷன் செய்யலாம், ஆபத்தே இல்லை என்று மட்டும் சொல்லமாட்டேன் என்றார். கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டும் டாக்டரம்மா. நீங்க நாளைக் குறிங்க," என்றாள்.